ஒளி பிடித்த கதை – 9: கொடைமலையில் விழுந்த சூரியன்

விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. சிலமலை, ராசிங்கபுரம், பொட்டிபுரம், தேவாரம் என்று அடிவாரத்து ஊர்க்காரர்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற நேரம் அது. ஏலச்செடிக்கு நேர்வெயில் ஆகாது. உயர்ந்த மரங்களின் நிழலில்தான் அது தழைக்கும். அந்த நிழலுக்குள் தரையெங்கும் வட்ட வட்டமாக வெயில் கிடக்கும். மேலே இலைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகள் வட்டமானவை அல்ல. முக்கோணமாக, கீற்றாக, கோணல்மாணலாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் கீழே விழுவது வட்டம். அது சந்தின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 காலை கோவை, திண்டுக்கல் வழியாக வளையச் சூரிய கிரகணம் கடந்தது. அதுபோன்ற கிரகண நாட்களில் மரத்தடியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கியிருக்கும். வட்டங்கள் அத்தனையும் பிறைகளாகிவிடும்.

சூரியன் நம்மிடமிருந்து இருக்கும் தூரம், அதன் விட்டத்தைப் போல ஏறத்தாழ 107 மடங்கு. ஆகவே சந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதில் 107இல் ஒரு பங்குதான் தரையில் விழும் வட்டத்தின் அகலம். பத்து மீட்டர் உயரத்துச் சந்து என்றால் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். இந்த 107 என்ற எண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் நமக்கு வேண்டிய கணக்கு அது ஒன்றுதான்.

சென்ற அத்தியாயத்தில் லினேயஸ் ட்ரைப் மதுரைக்கு வந்ததைப் பார்த்தோம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான அவர் 1858இன் தொடக்கத்தில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் பதிந்தார். சார்லஸ் ட்ரெவெல்யன் ஆளுநராக வந்ததும் அந்தப் பணி வீண் செலவு என்று நிறுத்தப்பட்டது. கோயிலைப் படம் பிடிக்கக் காசில்லை என்ற அரசு, நாற்பது ஆண்டுக்குள் நம் கண்ணெதிரே உள்ள பழனி மலைத்தொடரின் உச்சியில் சூரியனைப் படம் பிடிக்க ஒரு நிலையமே கட்டியது. பொட்டிபுரத்திலிருந்து நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது அந்த இடம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம்.

அதைக் கட்டவைத்தது பஞ்சம்.

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைத் தென்மாவட்டங்களின் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வகுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான தானியமும் சில்லறைக் காசும்தான். பஞ்சம் முடிந்ததும் கேள்வி எழுந்தது: மழை ஏன் பொய்க்கிறது? இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் போன்ற வானியலாளர்கள், சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்று வாதாடினார்கள். கரும்புள்ளிகளை நாள் தவறாமல் படம் பிடித்து வந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்ற நம்பிக்கை பரவியது. குற்றத்தைச் சூரியன் மேல் போடுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்தது என்பது என் கருத்து. கரும்புள்ளிகளை வைத்து மழையைக் கணிக்கும் முயற்சி கடைசிவரை கைகூடவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் மலையேறிய லென்ஸ்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய வானாய்வகம் இருந்தது. அதை முப்பது ஆண்டு நடத்திய நார்மன் போக்சன் 1891இல் இறந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற மிச்சி ஸ்மித், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். நீலகிரியில் கோத்தகிரியையும் பழனி மலையில் கொடைக்கானலையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தவர் அவர்தான். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரலில் வானாய்வுப் பணி மலைக்கு மாறியது. கடல் மட்டத்துக்கு 2,343 மீட்டர் மேலே, தூசும் வெக்கையும் குறைந்த காற்று. சூரியன் ஏறி மலைச்சரிவு சூடாவதற்கு முந்தைய காலை நேரம் படமெடுக்க உகந்தது. சூடான காற்று அலையாடினால் எவ்வளவு நல்ல லென்ஸும் பயனற்றுப்போகும்.

அந்தக் காலத்தில் கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. சாலை முடிந்ததே 1910களின் நடுவில்தான். அதுவரை அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதையில் ஆட்கள் தோளில் சுமந்து ஏற வேண்டும். துரைமார்களும் நாற்காலியில் அப்படித்தான் ஏறினார்கள். ஆய்வகத்தின் முதல் கருவிகளும் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். சுமந்தவர்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. நம் அடிவாரத்து மனிதர்கள்தான் அவர்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடந்து போக எனக்கு மனமில்லை.

சரி, மரச்சந்தே சூரியனைப் படமாக விழச்செய்யும்போது, கண்ணாடியைச் சுமந்து மலையேறுவானேன்?

துளையின் படம் மங்கலானது. சூரியனின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் பரவுகிறது. துளை அதில் மிக மெல்லிய கீற்றை மட்டும் விடுகிறது. வெளிச்சம் போதாது என்று துளையைப் பெரிதாக்கினால், ஒவ்வொரு புள்ளியும் துளையின் அளவுக்கு அகன்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடுகிறது. தெளிவு வேண்டுமென்றால் இருட்டு, வெளிச்சம் வேண்டுமென்றால் கலங்கல். பதினோராம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் துளைவழிப் படத்தை ஆராய்ந்த காலத்திலிருந்து இந்தச் சிக்கல் தெரிந்ததுதான்.

லென்ஸ் இரண்டையும் ஒருசேரத் தருகிறது. காற்றில் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, சாதாரணக் கண்ணாடிக்குள் இரண்டு லட்சமாகக் குறைகிறது. குவிலென்ஸின் நடுப்பகுதி தடித்தது, விளிம்பு மெலிந்தது. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளியில், நடுவழியே வருவதற்குப் பாதை குட்டை. ஆனால் கண்ணாடி அதிகம், தாமதம் அதிகம். விளிம்பு வழியே வருவதற்குப் பாதை நெடியது. ஆனால் கண்ணாடி குறைவு, தாமதமும் குறைவு. இரண்டும் ஈடாகி, எல்லா வழியும் சம நேரத்தில் போய்ச் சேரும் ஓர் இடம் மறுபக்கத்தில் அமைகிறது. அந்த இடத்தில்தான் ஒளி ஒன்றுகூடுகிறது. லென்ஸின் வளைவைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வதெல்லாம் இந்தச் சம நேரத்துக்காகவே. பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஓர் எதிர்ப்புள்ளி அமையும். மேலே உள்ளது கீழும் இடமுள்ளது வலமுமாகத் தலைகீழாய் அடுக்கப்பட்டுப் படமாகும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் முழுப் படத்தையும் உருவாக்குகிறது. லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மறைத்தால் படத்தில் பாதி காணாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. முழுப் படமும் இருக்கும், வெளிச்சம்தான் பாதியாகும். ஸ்டூடியோக்காரர்கள் அபர்ச்சரைச் சுருக்கும்போது நடப்பது இதுவே. ஆள் குறுகுவதில்லை, ஒளி குறைகிறது, கூடவே முன்னும் பின்னும் உள்ளவை இன்னும் தெளிகின்றன.

படத்தின் அளவைத் தீர்மானிப்பது லென்ஸின் அகலம் அல்ல, குவியத் தொலைவு. மிகத் தொலைவிலுள்ள பொருளின் படம், லென்ஸிலிருந்து குவியத் தொலைவில் விழுகிறது. (அருகிலுள்ள பொருளுக்குப் படம் இன்னும் தள்ளி விழும். அதனால்தான் ஃபோகஸ் செய்ய லென்ஸை முன்பின் நகர்த்துகிறோம்.) இங்கேதான் 107 வருகிறது. ஃபிலிம் காமிராவின் 50 மில்லிமீட்டர் லென்ஸில் சூரியனின் படம் அரை மில்லிமீட்டர்கூட வராது. கைபேசியின் பிரதான லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அதில் சூரியனோ நிலவோ ஒரு தூசிப் புள்ளி. பௌர்ணமி நிலவைக் கைபேசியில் எடுத்து ஏமாந்தவர்களுக்கு இதுதான் பதில். கரும்புள்ளியின் அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் நீளம் வேண்டும்.

கொடைக்கானலில் 1904 முதல் சூரியன் தினமும் படமெடுக்கப்பட்டு வருகிறது. கண்ணுக்குத் தெரியும் சூரியனை அப்படியே பதியும் பணிக்கு, பாரிஸின் லெரெபூர்–செக்ரெட்டான் பட்டறை 1850இல் செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கி. சென்னையிலிருந்து வந்தது, டப்ளினில் கிரப் 1898இல் புதுப்பித்தது. கால்சியம் அணுக்களின் ஒளியில் மட்டும் சூரியனைப் பதியும் இன்னொரு பணிக்கு (அதைப் பின்னால் பார்ப்போம்) 30 சென்டிமீட்டர் அகலமுள்ள குக் லென்ஸ். அதன் குவியத் தொலைவு அகலத்தைப் போல 21 மடங்கு, அதாவது 6.3 மீட்டர். 107ஆல் வகுத்துப் பாருங்கள்: சூரியனின் படம் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர். நூறாண்டுக்கும் மேற்பட்ட கொடைக்கானல் கால்சியம் படங்களில் சூரியன் அந்த அளவில்தான் இருக்கிறது. இவ்வளவு நீளமான கருவியைச் சூரியனோடு திருப்பிக்கொண்டிருப்பது எளிதல்ல. ஆகவே லென்ஸை அசையாமல் வைத்து, 46 சென்டிமீட்டர் ஆடியொன்றைக் கடிகாரப் பொறியால் சுழற்றி, சூரிய ஒளியை லென்ஸுக்குள் அனுப்பினார்கள்.

இந்தக் குக் லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொடரின் மற்ற அத்தியாயங்களை இதனோடு இணைக்கும் கண்ணி இதுதான்.

கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவு தாமதப்படுத்துவதில்லை. நீலத்தைச் சிவப்பைவிட அதிகம் பிடித்துநிறுத்தும். ஒற்றைக் கண்ணாடியால் 6.3 மீட்டர் லென்ஸ் செய்தால், நீலப் படமும் சிவப்புப் படமும் ஒன்றுக்கொன்று பத்து சென்டிமீட்டர் தள்ளி விழும். லண்டனின் ஜான் டாலண்ட் 1758இல் கிரவுன் கண்ணாடிக் குவிலென்ஸோடு ஃபிளிண்ட் கண்ணாடிக் குழிலென்ஸைச் சேர்த்து இந்தப் பிழையைப் பெரும்பாலும் போக்கினார். கண்ணால் பார்க்க அது போதும். புகைப்படம் வந்ததும் பழைய சிக்கல் வேறு உருவில் திரும்பியது. அக்காலத் தட்டுகள் நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே பதிந்தன. கண்ணோ மஞ்சள் பச்சையில்தான் கூர்மை. கண்ணுக்குத் தெளிவாக ஃபோகஸ் செய்த படம் தட்டில் கலங்கி வந்தது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் குக் நிறுவனத்தில் வேலை பார்த்த டென்னிஸ் டெய்லர், மூன்று வெவ்வேறு கண்ணாடிகளைச் சேர்த்து, கண்ணுக்கும் தட்டுக்கும் ஒரே இடத்தில் படம் விழும் தொலைநோக்கி லென்ஸை 1892இல் வடிவமைத்தார். கொடைக்கானலில் இருப்பது அந்த இனத்து லென்ஸ். அடுத்த ஆண்டே, 1893இல், அதே டெய்லர் காமிராவுக்காக இன்னொரு மூன்றுதுண்டு லென்ஸைக் கண்டுபிடித்தார். இரண்டு குவிலென்ஸ், நடுவே ஒரு குழிலென்ஸ், இடையில் காற்று. காமிரா லென்ஸின் பெரிய தொல்லை, படம் இயல்பாகவே ஒரு கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்த பரப்பில் விழுவது. தட்டு சமதளம் என்பதால் நடு தெளிந்தால் ஓரம் கலங்கும். குவிலென்ஸின் வலுவையும் குழிலென்ஸின் வலுவையும் சமமாக்கினால் வளைவு தீரும் என்று டெய்லர் கண்டார். ஒட்டி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் கண்ணாடியாகிவிடும். இடைவெளி விட்டுப் பிரித்து வைத்தால் வளைவு மட்டும் தீர்ந்து, ஒளியைக் குவிக்கும் வலு மிஞ்சும். மூன்றே துண்டுகளில் முக்கியமான பிழைகள் அத்தனையையும் கட்டுக்குள் கொண்டுவந்த அந்த அமைப்பை நான் லென்ஸ் வரலாற்றின் மிக அழகிய சிந்தனை என்பேன்.

குக் நிறுவனம் தொலைநோக்கியில் மூழ்கியிருந்ததால் காமிரா லென்ஸ் செய்யும் உரிமையை லெஸ்டரின் டெய்லர், டெய்லர் & ஹாப்சன் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்த வழியில்தான் குக் என்ற பெயர் இன்றைய சினிமா லென்ஸ்களில் தங்கியிருக்கிறது. காப்புரிமைக் காலம் கழிந்தபின் மூன்றுதுண்டு லென்ஸ் உலகின் மலிவான, நடுத்தரக் காமிராக்கள் எதிலும் புகுந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் இரட்டை லென்ஸ் யாஷிகாவை இடுப்புயரத்தில் பிடித்துக் குனிந்து பார்த்துக் கல்யாணப் படம் எடுத்தார்களே, அந்த யாஷிகா-ஏ மாதிரியின் யாஷிகோர் லென்ஸும் டெய்லர் வழி வந்த மூன்றுதுண்டுதான். சூரியனைப் பதிந்த மலை லென்ஸையும் மாப்பிள்ளை பெண்ணைப் பதிந்த ஸ்டூடியோ லென்ஸின் மூலத்தையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நினைத்தது ஒரே மனிதர்.

மலையில் அந்த லென்ஸ் தந்த படத்தை அப்படியே தட்டில் விழவிடவில்லை. படத்தின் குறுக்கே மெல்லிய பிளவொன்றை வைத்து, அதன் வழியே வரும் ஒளியை நிறங்களாகப் பிரித்து, கால்சியம் அணுக்களுக்குரிய ஊதாக் கோட்டை மட்டும் இரண்டாவது பிளவால் பொறுக்கியெடுத்து, சூரியனின் குறுக்கே கீற்றுக் கீற்றாக நகர்த்திப் பதிந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்புக்கு மேலே உள்ள கொதிப்பு அதில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். 1907இல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த வானியலாளர் ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளிகளின் நிறமாலையைப் பதிந்தபோது, புள்ளியின் ஓரங்களில் கோடுகள் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு ஓடுகிறது என்பது அதன் பொருள். எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்கள் சொல்வது அதைத்தான். அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீநாக்குகளின் பதிவுகளைக் கணவரோடு சேர்ந்து தொகுத்து வெளியிட்டவர். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் உள்ள வானியலைப் பற்றி 1914இல் அவர் வெளியிட்ட நூல் இந்த மலையில் இருந்தபோது உருவானது.

1960இல் இயக்குநராக வந்த வைணு பாப்பு காலத்தில் நீளம் உச்சத்துக்குப் போனது. பதினொரு மீட்டர் கோபுரத்தின் மேல் ஆடிகள் சூரியனைப் பிடித்துக் கீழே அனுப்ப, தரைக்கடியில் 60 மீட்டர் சுரங்கம். அதற்குள் 38 சென்டிமீட்டர் லென்ஸ். அதன் குவியத் தொலைவு 36 மீட்டர், சூரியனின் படம் 34 சென்டிமீட்டர். சுரங்கம் எதற்கு என்றால், உள்ளே காற்று அசையாமல் குளிர்ந்து நிற்பதற்கு.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சுரங்கம் நம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்டது. அம்பரப்பர் மலையைக் குடைந்து உள்ளே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. எதிலும் எளிதில் மோதாத நுண்துகள்தான் நியூட்ரினோ. சூரியனிலிருந்து மட்டும் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் நம்மைத் துளைத்துப் போகின்றன. கண்ணாடி அவற்றைத் தாமதப்படுத்தாது, வளைக்காது, மலையே நிறுத்தாது. தாமதம் இல்லையேல் லென்ஸ் இல்லை. ஆகவே அங்கே திட்டமிட்டது 50,000 டன் காந்த இரும்புத் தகடுகளும், இடையிடையே வாயு நிரப்பிய கண்ணாடித் தட்டுப் பெட்டிகளும். முக்கியமாக அது பார்க்க நினைத்தது வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை. எப்போதோ ஒன்று இரும்பில் மோதிக் கிளப்பும் துகளின் தடத்தைக் கண்ணாடிப் பெட்டிகள் மின்துடிப்பாகக் குறிக்கும். அங்கேயும் கண்ணாடிதான், ஆனால் வளைவில்லாத, ஒளிக்கு வேலையில்லாத கண்ணாடி. ஜப்பானின் சூப்பர் கமியோக்கண்டே நியூட்ரினோ ஆய்வகம் இதே சூரியனை நியூட்ரினோவில் ‘படம்’ எடுத்திருக்கிறது, இரவில் பூமியைத் துளைத்து வந்தவற்றையும் சேர்த்து. அந்தப் படத்தில் சூரியன் வானத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு வீங்கிய கலங்கலாகத்தான் தெரிகிறது. லென்ஸ் என்ன செய்கிறது என்பதற்கு, லென்ஸ் இல்லாத இந்தப் படத்தைவிடச் சான்று வேண்டாம்.

பாறை வெடிப்பும் நீர்ப்படுகையும் காடும் என்னாகும் என்று அடிவாரத்து மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. மதுரை வடபழஞ்சியில் 85 டன் மாதிரிக் கருவி மட்டும் இயங்கியிருக்கிறது. மலை எங்கள் மலை என்று மக்கள் சொன்னதை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள். முதலில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

கொடைக்கானல் தட்டுகளுக்குத் திரும்புவோம். மழையைச் சொல்லாத அந்தப் படங்களை அரசு எப்போதோ குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. விடுதலைக்கு முன்னும் பின்னும், போர்க்காலத்திலும், மேகம் விலகிய நாளெல்லாம் படமெடுத்து அடுக்கி வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை இந்த வேலையைச் செய்திருக்கிறது. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்ணிம வடிவாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. ஒரே இடம், ஒரே முறை, நூறாண்டுக்கு மேல் நீளும் சூரியப் பதிவு உலகில் மிகச் சிலவே. சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியை ஆராய்கிறவர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போடியிலும் தேனியிலும் கம்பத்திலும் பழைய ஸ்டூடியோக்கள் மூடப்படுகின்றன. ஐம்பது அறுபது ஆண்டு நெகட்டிவ்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அவற்றில் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், மீட்டர்கேஜ் ரயில் நின்ற போடி ஸ்டேஷன் இருக்கிறது, இடிந்துபோன தெருக்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ கடையிலோ அப்படி ஒரு டப்பா இருந்தால் எறியாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவே காகிதம் வைத்து, எந்த ஊர், எந்த ஆண்டு என்று உறைமேல் பென்சிலால் எழுதி வையுங்கள்.

அடுத்த அத்தியாயத்தில், 1871 டிசம்பர் 12 முழுச் சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்க நீலகிரிக்கும் அவிநாசிக்கும் வந்தவர்களைப் பார்ப்போம்.

(தொடரும்)